வாய் மூடிய பேலட்

செருப்பில்லாமல் யாரும் கொழும்புக்கு ஓடிப்போக மாட்டார்கள். நிஷாந்தினி இந்த வழக்கைக் கையில் எடுத்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் ஸியாமின் த்ரீவீல் முனகிக்கொண்டே ஏறியது. பின் இருக்கையில் நிஷாந்தினிக்குப் பக்கத்தில் மதுஷா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு கடைப் பை, பைக்குள் அவள் கணவன் துஷாந்தின் ரப்பர் செருப்பு. பகல் வேளையிலேயே பனி இறங்கி, வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத அளவுக்குப் பாதையை அடைத்திருந்தது.

துஷாந்த் மயில்மலைத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஸ்டோர் வேலையாள். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. இன்று வியாழன். அவன் கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள். ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கலாம் என்று பொலிசில் சொன்னார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேறு ஏதோ சொன்னார்கள், அதை மட்டும் மதுஷா வாய்விட்டுச் சொல்லவில்லை. நேற்று அவள் ஃபெக்டரிக்குப் போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது, ஸ்டோர் வாசலில் செருப்பு வைக்கும் தட்டின் அடியில் இந்த ஜோடியைக் கண்டிருக்கிறாள்.

தேயிலை எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதனால் வெளியில் போட்ட செருப்போடு ஸ்டோருக்குள் யாரையும் விடுவதில்லை, வாசலில் கழற்றித்தான் ஆக வேண்டும். துஷாந்த் கழற்றியிருக்கிறான். திரும்ப மாட்டவில்லை.

"மிஸ், செருப்ப விட்டுட்டுப் போறதெல்லாம் கல்யாண வீட்டுலயும் பள்ளிவாசல்லயும்தான்," என்றான் ஸியாம், ஹேண்டிலைத் திருப்பியபடி. "அங்கயும் அடுத்தவன்ட செருப்ப மாட்டிக்கிட்டுத்தான் போவாங்க. வெறுங்காலோட ஒருத்தனும் போனதில்ல."

மதுஷா சிரிக்கவில்லை. ஸியாமுக்கு அது உறைத்தது, அடுத்த இரண்டு வளைவுக்கு வாயைத் திறக்காமல் ஓட்டினான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம். நாற்பது வயது, தொந்தி, ஊரெல்லாம் சிநேகம், எதற்கும் ஒரு நக்கல். நிஷாந்தினிக்கு டிரைவர், உதவியாளர், சில நாட்களில் காவல்காரன். அண்ணன் முறைக்கு நானா என்றே அவனைக் கூப்பிடுவாள். அவளோ முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பனிக்காக எரிந்த ஸ்டோர்களையும் இடிந்த ஸ்டோர்களையும் பார்வையிட்டு அறிக்கை எழுதியவள். கேட்கக்கூடாத கேள்விகளைக் கேட்கிறாள் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது பதுளை பஸாரில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில் அறை எடுத்து அதே கேள்விகளைத் தன் சொந்தச் செலவில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஃபெக்டரி வாசலில் கொழும்பு இலக்கத் தகடு போட்ட ஒரு வேன் நின்றது. வேனுக்குள் வரிசையாக இரும்புச் சிலிண்டர்கள். ஸ்டோரின் ஜன்னல்களையெல்லாம் இரண்டு பேர் வெளியிலிருந்து அகலமான டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கதவில் மண்டையோடு போட்ட மஞ்சள் அட்டை தொங்கியது.

டீமேக்கர் விஜேந்திரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஃபெக்டரிக்குப் பெரியவர் அவர்தான். இஸ்திரி கலையாத காற்சட்டை, கலையாத எரிச்சல். ஸ்டோரில் மூட்டை அடுக்கும் மரப் பேலட்களில் வண்டு விழுந்துவிட்டதாம். பூச்சி கொல்லும் காஸ் அடித்து, அடித்ததற்கான முத்திரை குத்தாமல் வெளிநாட்டுக்காரன் எடுக்கமாட்டேன் என்கிறானாம். மூன்று மணிக்குக் கதவை மூடினால் சனிக்கிழமைதான் திறப்பார்களாம். ஓடிப்போனவனைத் தேடுவதற்கு இதுவா நேரம் என்று கேட்டார்.

"அவரு ஓடல," என்றாள் மதுஷா.

நல்ல வேளையாக ஸ்டோர் கீப்பர் வீரசிங்கம் குறுக்கே வந்தார். நெற்றியில் திருநீறு, தாழ்ந்த குரல், சிவந்த கண்கள். நேற்று மதுஷாவுக்குச் சோற்றுப் பார்சல் வாங்கிக் கொடுத்து லயம் வரைக்கும் கூட்டிப்போய் விட்டவர் அவர்தான். ஸ்டோரில் தாங்கள் இரண்டே பேர்தான் என்றும் துஷாந்தைத் தன் கையால் வேலை பழக்கியதாகவும் சொல்லும்போது குரல் உடைந்தது. இந்தப் பிள்ளையின் மன நிம்மதிக்காவது ஒருதரம் உள்ளே காட்டிவிடலாம் என்று டீமேக்கரிடம் கெஞ்சினார். ஸியாமுக்கே கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

நீண்ட, இருண்ட ஸ்டோர். நல்ல தேயிலை மூட்டை ஒன்றுகூட இல்லை. காஸ் வாடை பிடித்துவிடும் என்று நேற்றே முழுவதையும் பக்கத்துக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். நடுவில் வெறும் பேலட்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பின் சுவரை ஒட்டி மட்டும் பேலட்களின் மேல் மூட்டைகள் ஒரு வரிசையாக நின்றன. அது கழிவுத் தேயிலை, எப்படியும் சுண்ணாம்பு கலந்து அழிக்கப் போவது, வாடை பிடித்தால் என்ன பிடிக்காவிட்டால் என்ன என்றார் வீரசிங்கம். சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை அரைக்கும் உருளைகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. கத்திப் பேசினால்தான் கேட்டது.

நிஷாந்தினி மூட்டைகளைப் பார்க்கவில்லை. குனிந்து, மூட்டைகளைத் தாங்கிக்கொண்டிருந்த பேலட்களைப் பார்த்தாள்.

"நானா, அந்த ஜெக்கைக் கொண்டாங்க. இந்த வரிசையில ஒவ்வொரு பேலட்டுக்கும் கீழ விட்டுப் பாருங்க."

பேலட் என்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மேலே பலகை, கீழே பலகை, இடையில் நீளவாக்கில் கட்டைகள். தீப்பெட்டியின் கூட்டைப் போலத்தான், இரண்டு முனை திறப்பு, இரண்டு பக்கம் அடைப்பு. திறந்த முனைகளை ஸ்டோர்காரர்கள் வாய் என்பார்கள். ஜெக் என்ற கைவண்டியின் இரும்பு நாக்குகள் அந்த வாய்க்குள்தான் போகும். போனால் ஒரு டன் பாரத்தையும் ஒற்றை ஆள் இழுத்துக்கொண்டு போகலாம். அதனால் எந்த ஸ்டோரிலும் பேலட்டின் வாய் ஆள் நடக்கும் வழியைப் பார்த்தே இருக்கும்.

ஸியாம் முதல் பேலட்டுக்குள் ஜெக்கை விட்டான். வழுக்கிக்கொண்டு போனது. கடைசிப் பேலட்டிலும் அப்படியே. நடுவில் இருந்ததில் மட்டும் இரும்பு மரத்தில் மோதி டங்கென்றது.

"வாயில்லாத ஜீவன் மிஸ் இது," என்றான் ஸியாம். "எனக்கு நேர் எதிர்."

அந்தப் பேலட்டின் அடைத்த பக்கம் வழியைப் பார்த்து இருந்தது. வாய்கள் இரண்டும் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பி, அடுத்த பேலட்களில் முட்டிக்கொண்டிருந்தன. நிஷாந்தினிக்குள் ஏதோ ஓடத் தொடங்கியது. மூட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தே பேலட்டில் ஏற்றுவார்கள், பிறகு ஜெக்கால் இழுத்து வந்து இடத்தில் நிறுத்துவார்கள். இதை ஜெக்கால் இழுத்து வந்திருக்க வழியில்லை. வெறும் பேலட்டை இங்கே போட்டுவிட்டு யாரோ மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்து அடுக்கியிருக்கிறார்கள். பேலட்டை எப்படிப் போட வேண்டும் என்றே தெரியாத யாரோ.

ஃபெக்டரிக்குள் அது யாருக்குத் தெரியாது? ஜெக்கைத் தொட்டே பழக்கமில்லாதவருக்கு. தோட்டத்தில் உத்தியோகத்தர்கள் ஏவுவார்களே தவிர எதையும் இழுக்கமாட்டார்கள். இழுத்தால் மரியாதை போய்விடும். நிஷாந்தினி மெல்லத் திரும்பி, இன்னும் கையைப் பின்னால் கட்டியபடி நின்ற டீமேக்கரைப் பார்த்தாள். ஸியாமும் பார்த்தான். விஜேந்திரன் முதன்முறையாகக் கையை அவிழ்த்தார்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஏதாவது கதவு இருக்க வேண்டும், இதை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றாள் அவள். முடியாது என்றார் அவர். காஸ்காரர்கள் காத்திருக்கிறார்கள், இன்று தவறினால் கப்பல் தவறும், கப்பல் தவறினால் தன் வேலை தவறும் என்று அடுக்கினார். வாக்குவாதம் முற்றியபோது மதுஷா ஒன்றும் பேசாமல் நடந்துபோய், ஸ்டோர் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"கதவ மூடணும்னா என்னையும் உள்ள வச்சு மூடுங்க ஐயா."

விஜேந்திரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இறக்கித் தொலையுங்கள் என்று கையை ஆட்டினார். வீரசிங்கம்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். அவர் எடுத்துக் கொடுக்க, ஸியாம் வாங்கி இறக்கினான். மற்ற யாரையும்விட அவர்தான் வியர்வை சொட்ட வேலை செய்தார். மூட்டைகள் இடுப்பு உயரத்துக்கு இறங்கியதும் பின்சுவர் தெரிந்தது.

வெறும் சுவர். வெள்ளையடித்த கருங்கல். கதவில்லை, ஜன்னலில்லை, எலி நுழைய ஓர் ஓட்டைகூட இல்லை. நிஷாந்தினி கைமுட்டியால் நீளத்துக்குத் தட்டிப் பார்த்தாள். எந்த இடத்திலும் கல் கல்லாகவே இருந்தது.

"திருப்தியா?" என்று கேட்டார் விஜேந்திரன்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, வாசலில் எழுந்து நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மதுஷாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. முகமூடி மாட்டிய ஒருவர் நீளமான குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்.

"போதும் மிஸ்," என்றார் வீரசிங்கம் அவள் காதுக்கருகே குனிந்து. "அந்தப் புள்ள இதுக்கு மேல தாங்காது. கூட்டிட்டுப் போங்க." சொல்லிக்கொண்டே, இறக்கிய மூட்டைகளைத் திரும்ப அதே பேலட்டின் மேல் தூக்கிப் போடத் தொடங்கினார்.

கடைசி மூட்டையை ஸியாம் தூக்கிக் கொடுத்தான். பேலட்டின் ஆணியில் மாட்டி அது நீளமாகக் கிழிந்தது. கருகருவென்று தேயிலை அவன் வெறுங்காலின் மேல் கொட்டியது.

"பாருங்க மிஸ், கழிவுகூட என்கிட்ட நிக்குதில்ல," என்றான்.

வாசல் வரை போய்விட்ட விஜேந்திரன் சட்டென்று நின்றார். மூக்கு விடைத்தது. திரும்பி வந்தார், இஸ்திரி மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் முழங்காலிட்டார். ஒரு கைப்பிடி அள்ளி, அதன்மேல் வாயால் ஊதி, மூக்கைப் புதைத்து முகர்ந்தார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"இது கழிவு இல்ல. என் கையால வறுத்த முதல் தரம். இத யாரு காஸுக்குள்ள விட்டது?"

அந்தக் கேள்வியில் இருந்த அதிர்ச்சி நடிப்பில்லை என்று நிஷாந்தினிக்கு உடனே தெரிந்தது. கழிவு என்று பேர் வைத்து நல்ல தேயிலையை வெளியே கடத்தும் தொழில் ஒன்று இங்கே நடந்திருக்கிறது. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். தேயிலையோடு பிழைப்பவன் எவனும், திருடனாகவே இருந்தாலும், நல்ல தேயிலையைக் காஸில் விடமாட்டான். விட்டிருக்கிறான் என்றால் அதைவிடப் பெரிய ஒன்றை மறைப்பதற்காக விட்டிருக்கிறான்.

"சேர், ஒரு உதவி. அந்த ஜெக்கால ஒரு வெறும் பேலட்டத் தூக்குங்க."

விஜேந்திரன் ஏன் என்று கேட்கும் நிலையில் இல்லை. கைப்பிடியைப் பிடித்தார். முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார், ஏதோ ஒரு விசையை அமுக்கினார். நாக்கு தூக்கிய நிலையிலேயே நின்று பேலட்டின் பலகையில் போய் இடித்தது.

"சேர், அது ஆடு இல்ல, கழுத்தப் பிடிச்சு இழுக்கிறதுக்கு," என்றான் ஸியாம்.

"போதும் சேர்," என்றாள் நிஷாந்தினி. "நான்தான் தப்பா நினைச்சேன். தெரியாத ஆள் வச்சதுன்னு நினைச்சேன். தெரியாத ஆள் வச்சிருந்தா பக்கத்துல இருக்கிறதும் கோணலாத்தான் நிக்கும். அதெல்லாம் ஜெக்கால வச்சு நேர்த்தியா நிக்குது. இந்த ஒண்ண மட்டும் வேணும்னே திருப்பிப் போட்டிருக்காங்க."

"என்னத்துக்கு மிஸ்?"

"வாய் இந்தப் பக்கம் இருந்தா, குனிஞ்சு பார்க்கிறவங்களுக்குப் பலகை இடுக்கால கீழ உள்ள தரை தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன் நானா."

இந்த இடத்தில் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். விஜேந்திரன் நெற்றியைத் தேய்த்தார். கரண்ட் வருவதற்கு முந்திய காலத்தில் ஆற்றுத் தண்ணீரை ஃபெக்டரிக்குக் கீழே கொண்டுவந்து சக்கரம் சுற்றவிட்டார்களாம். அந்தக் குழி எங்கோ இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறாராம். அது எங்கே என்று தனக்குத் தெரியாது, ஸ்டோரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்றார்.

குழாயோடு நின்றவர் முகமூடியைக் கீழே இறக்கினார். அவர் பெயர் அஸீஸ் என்று சட்டையில் இருந்தது.

"குழி இருக்கா?" என்றார். "ஏன் முதல்ல சொல்லல்ல? இந்தக் காஸ் பாரம் மிஸ். மேல எழும்பாது. குழி இருந்தா முதல்ல அதுக்குள்ளதான் இறங்கும்."

மதுஷா ஓடிவந்தாள். யாரும் சொல்லாமலே மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். ஸியாமும் அஸீஸும் சேர்ந்துகொண்டார்கள், இஸ்திரிக் காற்சட்டையோடு விஜேந்திரனும் சேர்ந்துகொண்டார். இந்தத் தடவை ஒதுங்கி நின்றவர் வீரசிங்கம் மட்டும்தான்.

நிஷாந்தினி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்த ஸ்டோர்ல ஜெக் பிடிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு அண்ணே. அதுல ஒருத்தரக் காணோம்."

வீரசிங்கம் திருநீற்றைத் துடைத்துக்கொண்டார். சாவி ஆபீசிலும் ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றார். வெளியாட்கள் நேற்றெல்லாம் வந்து போனார்கள் என்றார். பிறகு, கேட்காமலே, "செவ்வாய்க்கிழமை காலையில இருந்தே நான் இந்த மூலைக்கு வரல்ல மிஸ். சாமி மேல சத்தியம். இன்னைக்கு உங்களோடதான் வாறேன்," என்றார். குரல் சற்றும் தடுமாறவில்லை. சற்று முன் உடைந்ததும் இதே குரல்தான். ஆனால் அவள் கையில் இருந்ததெல்லாம் திரும்பிக் கிடந்த ஒரு பேலட். அதை எந்த நீதிபதியும் சாட்சிக் கூண்டில் ஏற்றமாட்டார்.

பேலட்டை விளிம்பில் பிடித்துப் புரட்டினார்கள். அடியில் கருத்துப்போன மரக்கதவு, தரையோடு தரையாக, இரும்புத் தாழ்ப்பாள் போட்டு. தாழ்ப்பாளில் புதிதாக எண்ணெய் விட்டிருந்தார்கள். ஸியாம் அதை இழுத்தான். கதவு திறந்ததும் குளிர்ந்த சேற்று வாடை முகத்தில் அடித்தது.

"என்னங்க," என்று மதுஷா இருட்டுக்குள் கூப்பிட்டாள்.

பதில் வரவில்லை. அவள் திரும்பவும் கூப்பிட்டாள். ஸியாம் ஃபோன் வெளிச்சத்தைக் கீழே பிடித்தான். பாசி பிடித்த கற்படிகள், அதற்குக் கீழே கசிந்து ஓடும் தண்ணீர், தண்ணீரின் விளிம்பில் சுருண்டு கிடந்த ஓர் உடம்பு. வெளிச்சம் பட்டதும் அதன் விரல்கள் மெல்ல அசைந்தன.

அஸீஸ்தான் இறங்கினார். குழாயை இடுப்பில் கட்டி, மற்றவர்கள் மேலிருந்து பிடித்து, துஷாந்தை ஒருவழியாக வெளியே எடுத்தார்கள். பின்தலையில் இரத்தம் காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. மதுஷா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அவன் வாயில் பிழிந்தாள். அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். விஜேந்திரன் உருளைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஃபோனில் அம்பியூலன்ஸையும் பொலிசையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

யார் அடித்தது என்று நிஷாந்தினி கேட்டாள். தெரியாது என்று தலையசைத்தான் துஷாந்த். கழிவு மூட்டை ஒன்று கிழிந்து நல்ல தேயிலை கொட்டியிருக்கிறது, குனிந்து அள்ளியிருக்கிறான், லைட் அணைந்திருக்கிறது, பின்னாலிருந்து அடி விழுந்திருக்கிறது. கண் விழித்தது குழிக்குள்தான். இதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு மூச்சு வாங்கியது. வீரசிங்கம் நீளமாகப் பெருமூச்சு விட்டதை நிஷாந்தினி கேட்டாள்.

துஷாந்தின் கண்கள் வெளிச்சத்துக்குப் பழகி ஒவ்வொரு முகமாகத் தேடின. வீரசிங்கத்தின் முகத்தில் வந்து நின்றன. வெடித்த உதட்டோடு அவன் சிரித்தான். கையை அவரை நோக்கி நீட்டினான்.

"அண்ணே, வந்துட்டீங்களா. மெஷின் நின்ன பொறகு நீங்க மேல மூட்டை அடுக்குறப்ப எப்பவும் போல வாய்க்குள்ள பாடுனீங்களே, எனக்குக் கேட்டுச்சு. உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்." அவன் நிறுத்தி மூச்சை இழுத்தான். "நான் கூப்பிட்டதும் பாட்ட நிறுத்துனீங்க. பொறகு திரும்ப அடுக்க ஆரம்பிச்சிட்டீங்க. உங்களுக்குச் சரியாக் கேக்கலையா அண்ணே?"

அவன் கை காற்றில் நீண்டபடியே இருந்தது. அதைப் பிடிக்க வீரசிங்கம் குனியவில்லை. மதுஷா அழுகையை நிறுத்திவிட்டு மெல்லத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.